லிஃப்டில் சொன்னது

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார், உண்மைதான். தேய்த்த சட்டை போட்டிருந்தார், அதுவும் உண்மை. "இந்தப் படி ஏறாதீங்க" என்று அவர் மனைவி சொன்னது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது, அதையும் யாரும் இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக, அறுபத்திரண்டு வயதில் லிஃப்ட்காரர் பாட்டுக்காரி வீட்டுக்கு ஓடிப்போய்விட்டார் என்று மாடிவீட்டு அம்மா ஆரம்பித்து, வாட்ச்மேன் வாங்கி, பால் போடுகிறவர் சுமந்து, நாலு கட்டடத்துக்குக் கதை பரவியிருக்கிறதே, அது மட்டும் பொய். ஓடுகிற ஆளா அவர்? லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறி முட்டி இரண்டும் தேய்ந்தவர். ஓடுவதாக இருந்தால் முதலில் முட்டிக்கு எண்ணெய் போட வேண்டும்.

அவர் உத்தமர் என்று சாதிப்பதற்கில்லை. அவர் செய்தது, நீங்கள் பேசிக்கொள்வதைவிடக் கேவலமான காரியம். ஆனால் செய்யாததற்கு ஒருத்தரைத் தூற்றிக்கொண்டே இருந்தால் செய்தது மறைந்துபோகும். திட்டுவதாக இருந்தால் செய்ததற்குத் திட்டுங்கள். அது இதுதான்.

முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் அவர். பாதி மாடியில் லிஃப்ட் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கதவிடுக்கில் வாயை வைத்து, "பத்து நிமிஷம்தாங்க, இதோ ஆச்சு" என்பார். என்ன கோளாறு என்று அந்த நேரத்தில் அவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும். அதனால் பத்து நிமிஷம். நாற்பது நிமிஷமானாலும் அது பத்து நிமிஷம்தான். அந்தச் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. குழாய் ஒழுகினால் பத்து நிமிஷம், மகள் பாடத்தில் சந்தேகம் கேட்டால் பத்து நிமிஷம். "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லி அவர் மனைவி கேட்டதே இல்லை. "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத ஒரே விஷயம், தனக்கு என்ன தெரியாதுங்கறதுதான்" என்று அந்த அம்மா சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்ற வருஷம், பழைய பழக்கத்துக்காக ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் பார்க்கப் போனார். நாலாவது மாடியில் ஒரு பல் டாக்டர். வியாழக்கிழமை சாயங்காலம் நோயாளிகள் போன பிறகு, பின்னறையில் கீபோர்டைப் போட்டுக்கொண்டு பழைய பாட்டுகளாக வாசிப்பார். டிரம்ஸுக்கு ஒரு தையல்காரர். பாடுவதற்குத் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் இருந்து விருப்ப ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் தபால் அக்கா. எல்லாரும் வயதானவர்கள், எல்லாரும் ஆசைக்கு வாசிக்கிறவர்கள். பேஸ் கிட்டார் வாசித்த இன்ஷூரன்ஸ்காரர் மாற்றலாகிப் போனபோது கிட்டாரை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். அது சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது.

"நாலு கம்பிதானே, நாற்பது ஒயரைப் பிரிச்சு மாட்டற ஆள் நீங்க. வாசிப்பீங்களா?" என்றார் பல் டாக்டர், விளையாட்டாக.

"பத்து நிமிஷம் குடுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

கிட்டாரை வீட்டுக்கு எடுத்துப்போனார், அந்தப் பத்து நிமிஷம் எட்டு மாசமானது. காது நல்ல காது. மோட்டாரின் உறுமலை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுகிற காது, பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. விரலுக்குத்தான் எதுவும் நிற்கவில்லை. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே கம்பி பதித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்களே, எந்தச் சத்தம் எந்தக் கட்டத்தில் என்று மூன்று நாளில் மறந்துவிடும். கடைசியில் தன் தொழில் பெட்டியைத் திறந்தார். லிஃப்டுக்குள் பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஒட்டும் மாடி எண்கள், பொடிப்பொடியாக, ஒரு டப்பா நிறைய மிச்சம் இருந்தன. முதல் கட்டம் முதல் மாடி, இரண்டாம் கட்டம் இரண்டாம் மாடி. விரல் வைக்காமல் கம்பியைச் சும்மா தட்டினால் அது தரைத்தளம். கழுத்தின் மேல் விளிம்பில், தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒட்டினார். பிறகு பாட்டெல்லாம் அவருக்கு லிஃப்ட் ஓட்டம்தான். மூன்று, மூன்று, ஐந்து, தரை. ஐந்து, ஏழு, மூன்று, தரை. பழைய சர்வீஸ் நோட்டில் பதினொரு பாட்டு அப்படி எழுதி வைத்திருந்தார்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. "சீக்கிரம் கத்துக்கிட்டீங்களே" என்று பல் டாக்டர் வியந்தபோது தலையை மட்டும் ஆட்டினார். சந்தோஷம் இல்லாமல் இல்லை. தான் இல்லாவிட்டால் பாட்டு காற்றில் தொங்குகிறது, தான் வந்து நின்றால் தரையில் கால் ஊன்றுகிறது என்று முதல் நாள் உணர்ந்தபோது, வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லத் தெரியாமல் இரண்டு தரம் கை கழுவினார். நாலு வருஷம் அப்படி ஓடியது. இரண்டு பிறந்தநாள் விழா, ஒரு நூலக ஆண்டு விழா, தையல்காரர் வீட்டுக் கல்யாணம்.

தபால் அக்கா இவரைவிட இரண்டு வயது சின்னவர். இவரை அண்ணா என்பார். கணவர் இறந்து பத்து வருஷம், தனி வீடு. அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே "நீங்க யாரும்மா?" என்று கேட்டவர். அந்தக் கதையை அக்கா ஒரே ஒரு தரம், டீ குடிக்கும்போது சொன்னார். சொல்லிவிட்டு, "எனக்கு அது வராம இருக்கணும், வேற எது வந்தாலும் பரவாயில்ல" என்று பேச்சை மாற்றிவிட்டார். அங்கே இருந்த மூன்று பேருக்கும் அது ஞாபகம் இருந்தது.

இரண்டு மாசத்துக்கு முன்னால், ஓய்வு பெற்றவர்கள் சங்கத்து ஆண்டு விழாவுக்கு இவர்களை வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு பள்ளிக்கூட மண்டபம். அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஒத்திகை முடிந்து, லிஃப்ட்காரரும் தபால் அக்காவும் மட்டும் லிஃப்டில் இறங்கினார்கள்.

"அண்ணா, ஒரு விஷயம். நம்ம ரெண்டாவது பாட்டை ஞாயித்துக்கிழமை சுருதியில அரைக் கட்டை இறக்கிடலாமா? மேல போற அந்த இடம் இப்பல்லாம் எட்ட மாட்டேங்குது. டாக்டர்கிட்ட போன்ல சொல்லிக்கிறேன், அவருக்குக் கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கினா ஆச்சு. உங்களுக்குத்தான் கஷ்டம்."

"என்னம்மா கஷ்டம், பத்து நிமிஷ வேலை."

"தையல்காரர் காதுல போட்டுடாதீங்க. கிழவி ஆயிட்டேன்னு வருஷம் பூரா ஓட்டுவார்."

"நான் எதுக்கும்மா சொல்றேன்" என்றார். லிஃப்ட் கீழே வந்து நின்றது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் சிக்கல் புரிந்தது. அரைக் கட்டை இறக்குவது என்றால் ஒவ்வொரு விரலும் ஒரு மாடி கீழே இறங்க வேண்டும். சரி, மூன்று இரண்டாகும், ஐந்து நாலாகும். ஆனால் அந்தப் பாட்டு நிற்பதே தடித்த கம்பியின் தரைத்தளத்தில். தரைக்குக் கீழே மாடி ஏது? கட்டடத்தையே ஒரு மாடி கீழே இறக்க வேண்டும், அதாவது நாலு கம்பியையும் தளர்த்த வேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்று அவருக்குத் தெரியாது. சுருதி பார்க்கும் கருவியில் பச்சை விளக்கு எரிந்தால் சரி, அவ்வளவுதான் அவர் அறிந்தது. பல் டாக்டரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். கேட்கத்தான் வாய் வரவில்லை. நாலு வருஷமாக வாசிக்கிறவன் இதையா கேட்பது? கேட்டால் கிட்டாரை வாங்கிப் பார்ப்பார், எண்களைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை ஒரு கம்பியைத் தளர்த்திப் பார்த்தார். துணி உலர்த்தும் கொடி மாதிரி லொடலொட என்று ஆடியது. பயந்துபோய்த் திரும்ப முறுக்கிவிட்டார். முதல் பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசுவாரே, அந்த இடைவெளியில் கீபோர்டைக் கேட்டுக் கேட்டுத் தளர்த்திக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறியதும் சங்கச் செயலாளர் வந்து, "தலைவர் சீக்கிரம் கிளம்பணுமாம். அந்த ரெண்டாவது பாட்டு அவருக்கு ரொம்பப் பிடிக்கும், அதையே முதல்ல பாடிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பல் டாக்டர் பட்டனை அமுக்கினார். தையல்காரர் குச்சியை நாலு தட்டுத் தட்டினார். லிஃப்ட்காரரின் விரல்கள், நாலு வருஷமாகப் போன மாடிகளுக்கே போயின.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால், கதவைத் திறக்கும்போது வெளித்தரை இடுப்பு உயரத்தில் தெரியுமே, சத்தம் அப்படி இருந்தது. கீபோர்டு கீழே, பேஸ் மேலே. பேஸ் ஸ்பீக்கர் அக்காவின் முதுகுக்குப் பின்னால். அவர் ஒரு நொடி திரும்பிப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார், பாடிக்கொண்டே குரலை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் நகர்த்தினார். பல் டாக்டருக்குக் குழப்பம். அக்கா மனசை மாற்றிக்கொண்டு பழையபடியே பாடப்போகிறார், இவரிடம் சொல்லியிருக்கிறார், நமக்குத்தான் சொல்லவில்லை என்று நினைத்து, அமுக்கிய பட்டனை எடுத்துவிட்டார். இப்போது எல்லாரும் மேலே, அக்கா மட்டும் கீழே. வேறு வழியில்லாமல் அவரும் ஏறினார். அந்த மேல் இடம் வந்தது. குரல் உடைந்தது. மூன்றாவது வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

தப்பு தன் பேஸில்தான் என்று இரண்டாவது வரியிலேயே இவருக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வேண்டும். கையைக் கம்பியிலிருந்து எடுத்திருந்தாலே போதும், பாட்டு தானாகச் சரியாகியிருக்கும். எடுத்தால் எல்லாரும் தன்னைப் பார்ப்பார்களே என்று எடுக்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டே இருந்தார்.

மேடைக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையில் பல் டாக்டர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. "நான் இறக்கித்தாங்க வச்சேன். உங்க பேஸ் மேலயே நின்னுச்சே. அக்கா உங்ககிட்ட சொல்லலையா?"

லிஃப்ட்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "சொல்லல" என்றார்.

அக்கா தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தார். "சொன்னேனே அண்ணா. வியாழக்கிழமை, லிஃப்ட்ல வச்சு."

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஞாபகமில்லை என்று சொல்லியிருந்தால்கூட பாதிக் குற்றம்தான். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இல்லம்மா. லிஃப்ட்ல நாம மழையைப் பத்தித்தானே பேசிக்கிட்டு வந்தோம்" என்றார். பேசாத மழை. நாக்கு தானாகவே ஒரு மழையைக் கொண்டுவந்து வைத்தது.

அக்கா அவரையே பார்த்தார். பிறகு நெற்றியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டார். "அப்படியா? அப்ப சொல்லணும்னு நினைச்சுட்டுச் சொல்லாம விட்டிருக்கேன்போல." தையல்காரர், கிண்டலுக்குப் பேர்போன அந்த ஆள், கீழே குனிந்து டிரம்ஸ் குச்சிகளைப் பொறுக்கினார். அந்த அறையில் எல்லாருக்கும் அக்காவின் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்த வியாழன் அக்கா வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. பல் டாக்டர், "பாவம், நாமளும் வற்புறுத்த வேண்டாம்" என்றார். பிறகு இவர் தோளைத் தட்டி, "அன்னைக்கு ஆடாம நின்னது நீங்க ஒருத்தர்தான்" என்று பாராட்டினார். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த மனிதர், மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதைத்தான் மாடிவீட்டு அம்மா பார்த்துவிட்டு, "பாட்டுக்காரி வரலைன்னு ஏக்கம்" என்று சொன்னது. ஏக்கம் இல்லை அம்மா அது. ஏக்கமாக இருந்திருந்தால் தேவலை.

மூன்று வாரம் கழித்து மருந்துக்கடை வரிசையில் இவருக்கு முன்னால் தபால் அக்கா நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன நோட்டு, அதில் செருகிய பேனா. இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் இவரைக் கொன்றது.

"இது என்னம்மா நோட்டு?"

"யார்கிட்ட என்ன சொன்னேன்னு எழுதி வச்சுக்கறேன் அண்ணா. கேஸை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனா, எல்லாம் இதுல இருக்கு. டாக்டர் பரிசோதனை பண்ணிட்டு ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னார். ஆனா ஆரம்பத்துல தெரியாதாமே. அம்மாவுக்கும் அப்படித்தான், ஒரு நாள் சொன்னதைச் சொல்லலன்னாங்க, சொல்லாததைச் சொன்னேன்னாங்க."

லிஃப்ட்காரர் மருந்துச் சீட்டை நாலாக மடித்தார்.

"தம்பி வந்து கூட்டிட்டுப் போறான். தனியா இருக்கக் கூடாதுன்னு சொல்றான், அவன் சொல்றதும் நியாயம்தான். வீட்டைக் காலி பண்றேன், நாளன்னைக்கு வண்டி வருது. உங்களைத்தான் நினைச்சுக்கிட்டேன் அண்ணா. வேற யாரா இருந்தாலும் மழுப்பியிருப்பாங்க. நீங்க முகத்துக்கு நேரா சொன்னீங்க. உங்களாலதான் சீக்கிரமே தெரிஞ்சுது." சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து, அவர் கண்ணெதிரே எழுதினார்: லிஃப்ட் அண்ணாவிடம் நன்றி சொன்னேன்.

அப்போதாவது சொன்னாரா? இல்லை. "உடம்பைப் பாத்துக்குங்கம்மா" என்றார். தன் முறை வந்ததும் என்ன மருந்து என்று கடைக்காரர் கேட்டதற்கு, சீட்டை நீட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மனைவி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எண்களைச் சொன்னார், தரைத்தளத்தைச் சொன்னார், கையை எடுக்காததைச் சொன்னார். மழையைச் சொன்னபோது மனைவி கத்தியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ஏது மழை? அந்த வாரம் முழுக்க தண்ணி வரலன்னு நான் பக்கெட் தூக்கினேனே."

"தெரியும்."

"உங்களையும் அந்தம்மாவையும் சேர்த்து வச்சு இந்தக் கட்டடமே பேசிச்சு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. இவராவது காதலாவது, சட்டைப் பித்தானையே சரியா போடத் தெரியாதுன்னு நினைச்சேன். இதுக்கு என்னால சிரிக்க முடியலைங்க." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். வெங்காயமாகவும் இருக்கலாம். "அந்தம்மா தன் புத்தியையே நம்பாம நோட்டைக் கட்டிக்கிட்டுத் திரியுது, உங்க கௌரவத்துக்காக."

"ஒரு கடிதம் எழுதி…"

"கடிதமா? மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னீங்கல்ல, மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொல்லுங்க. தம்பி இருந்தா அவர் முன்னாடியே சொல்லுங்க. சொல்லாம இந்தப் படி ஏறாதீங்க."

இந்தக் கடைசி வரிதான் மூன்றாவது மாடிக்குக் கேட்டது. அதற்கு முன்னால் பேசியதெல்லாம் காதில் விழாமல், மாடியில் இருப்பவர்களுக்கு இது மட்டும் எப்படி விழுந்ததோ.

சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது மனைவிதான். அழுக்குச் சட்டையோடு போனால் பரிதாபத்துக்குப் போட்டுக்கொண்டதாக இருக்கும் என்றார். கிட்டாரை எடுத்துப்போவது லிஃப்ட்காரரின் யோசனை. வாயால் சொன்னால் அக்கா நம்பமாட்டார், அண்ணன் என் மனசை ஆற்றுவதற்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறார் என்று நினைத்துவிடுவார். எண்களைக் காட்ட வேண்டும். இங்கே பாரும்மா, இதுதான் என் வித்தை, இதுக்குக் கீழே மாடி இல்லை, அதனால்தான் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். சர்வீஸ் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டார். அந்த வியாழக்கிழமைக்கு நேராக, லிஃப்டிலிருந்து இறங்கியதும் அவர் கையாலேயே எழுதியது அதில் இருந்தது: இரண்டாவது பாட்டு, அரைக் கட்டை கீழே, அக்கா சொன்னது.

பதினொரு மணி இருக்கும். பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். படியில் மாடிவீட்டு அம்மா காய்கறிக் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார். "என்ன, கச்சேரியா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றார். முகம் சிவந்திருந்தது, அதையும் அந்த அம்மா ஊருக்குச் சொல்லியிருக்கிறார். வெட்கத்தில் சிவந்த முகம்தான். எதற்கு வெட்கம் என்பதை மட்டும் அவர் தப்பாகப் படித்துவிட்டார்.

மனைவி கதவைப் பிடித்தபடி நின்றார். "எப்ப வருவீங்க?"

"பத்து நிமி…" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். பையின் பட்டையைத் தோளில் சரிசெய்தார். கட்டடத்து லிஃப்ட் இருந்த பக்கம் பார்த்தார், படியைப் பார்த்தார்.

"தெரியல" என்றார். "எவ்வளவு நேரமாகும்னு எனக்குத் தெரியல."

மனைவி தலையை அசைத்தார். அவர் ஒவ்வொரு படியாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நீண்ட அந்தப் பை சுவரில் இடிக்காமல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழ்ப்படி வரைக்கும் போன சத்தம் கேட்ட பிறகுதான் மனைவி கதவைச் சாத்தினார். துரத்திவிட்டுச் சாத்தியதில்லை. அடுப்பில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது.